மாருத்தை எடைக்குப் போடாதீர்கள்: ரிவெட் அடித்த ஒருவனின் திறந்த மடல்

பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கும், எச்.எஃப்-24 மாருத் போர் விமானங்களைத் தங்கள் வளாகங்களில் வைத்திருக்கும் பூங்கா, கல்லூரி, அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும்,

நான் இப்போது இருக்கும் ஊருக்குப் பக்கத்து நகரத்தில், ஒரு பூங்காவில் மாருத் விமானம் ஒன்று நிற்கிறது. அந்தப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். நடைபாதை வருகிறது, நீரூற்று வருகிறது, தின்பண்டக் கடைகள் வருகின்றன. விமானத்துக்கு மட்டும் புதிய வரைபடத்தில் இடமில்லை. உடைந்த ஊஞ்சல்கள், பழைய விளக்குக் கம்பங்களோடு சேர்த்து அதையும் கழிவுப் பொருள் பட்டியலில் ஏற்றி, ஏலம் விடுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இது அந்த ஒரு பூங்காவின் பிரச்சினை மட்டும் என்றால் அங்கேயே பேசித் தீர்க்கப் பார்த்திருப்பேன். மாருத் எங்கெங்கே நிற்கிறதோ அங்கெல்லாம் நாளைக்கு இதே முடிவை யாரும் எடுக்கலாம் என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பெங்களூரு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமானத் தொழிற்சாலையில் மாருத்தின் உடற்பகுதிக்கு ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, அடித்தவன் நான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து 1969-இல் அங்கே போய்ச் சேர்ந்தேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது.

பூங்காவில் அந்த விமானத்தின் முன்னால் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் 'மிக்-21' என்று எழுதியிருக்கிறது. மிக் ரஷ்யர்கள் வடிவமைத்தது, ஒற்றை எஞ்சின், மூக்கிலேயே காற்று போகும் வாய். மாருத்துக்கு இரண்டு எஞ்சின், காற்று வாய்கள் விமானியின் அறைக்கு இரண்டு பக்கமும் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிகிற வித்தியாசம் இது. இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானத்துக்கு வேறு நாட்டு விமானத்தின் பெயரை எழுதி வைத்து, இத்தனை ஆண்டுகளாக அதை யாரும் திருத்தவில்லை. பெயரே தெரியாத பொருளை எடைக்குப் போட யாருக்கு மனம் தடுக்கும்?

அதனால் அது என்ன விமானம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதை வடிவமைத்தவர் குர்த் தாங்க் என்ற ஜெர்மானியர். இரண்டாம் உலகப்போரில் பேர்பெற்ற ஃபோக்க-வுல்ஃப் 190 சண்டை விமானத்தை உருவாக்கியவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவுக்குப் போய் புல்கி-2 என்ற ஜெட் விமானத்தைச் செய்தார். 1955-இல் அந்நாட்டு அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தது, அவருடைய திட்டத்துக்கும் ஆதரவு போயிற்று. அப்புறம்தான் இந்தியா வந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சிறிது காலம் கற்பித்தார். அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்த காலம் அது. பிறகு பெங்களூருக்குப் போய், நம் பொறியாளர்களை வைத்துக்கொண்டு மாருத் வேலையைத் தொடங்கினார். 1959-இல், எஞ்சின் இல்லாமல், முழு அளவில் மரத்திலேயே ஒரு மாதிரியைச் செய்து, டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் உண்மையான மாருத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார். சுதந்திரம் வாங்கிப் பதினான்கு ஆண்டுகூட ஆகாத நாடு அப்போது நாம்.

அதன் உடல் ஒலியைவிட வேகமாகப் போவதற்காக வரையப்பட்டது. நடுவில் இடுப்பு ஒடுங்கி இருக்கும், அழகுக்காக அல்ல, இறக்கை சேரும் இடத்தில் காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக. ஆனால் அந்த உடலுக்கு ஏற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. நினைத்திருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் எஞ்சினின் அதிக வலுவுள்ள புதிய வகை. அதை உருவாக்கி முடிக்கப் பணம் கேட்டார்கள், நம் அரசு கொடுக்க ஒப்பவில்லை, அது நின்றுபோயிற்று. அதனால் சிறிய ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைப் போட்டுப் பறக்கவிட்டோம். ஒலி வேகத்தைத் தாண்டவேண்டிய விமானம் அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. எகிப்தில் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற பொறியாளர் செய்துகொண்டிருந்த இ-300 எஞ்சினை நம்பினோம். ஒரு மாருத்தை அங்கே அனுப்பி, அந்த எஞ்சினில் ஒன்றைப் பொருத்திப் பறக்கவிட்டும் பார்த்தார்கள். எகிப்தும் தன் திட்டத்தை 1969-இல் கைவிட்டது. இன்னொரு பக்கம், இருக்கிற ஆர்ஃபியஸுக்கே பின்னெரிப்பு சேர்த்து, அதாவது வெளியேறும் புகைக்காற்றில் மறுபடி எரிபொருளை எரித்து, உந்துவிசையைக் கூட்டுவோம் என்று பார்த்தோம். அந்த வகை விமானத்தைச் சோதிக்கும்போதுதான், 1970 ஜனவரி 10 அன்று, சுரஞ்சன் தாஸ் விழுந்து இறந்தார். அன்றைக்குத் தொழிற்சாலைக்குள் ஒரு பேச்சு இல்லை. நான் வேலைக்குப் புதிது, அவரைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் மூத்த ஆட்கள், உடற்பகுதியைப் பிடித்து நிறுத்தும் சட்டமான ஜிக் பக்கத்தில், கருவியைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்கள். பெங்களூரில் பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் எந்த விமானத்தில் இறந்தார் என்று தெரியும்?

வலுக்குறைந்த எஞ்சினோடும் அது போருக்குப் போயிற்று. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் 10-ஆம் படைப்பிரிவும் 220-ஆம் படைப்பிரிவும் மாருத்தை ஓட்டின. தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்குவதுதான் அதன் வேலை. மூக்கில் நான்கு 30 மி.மீ. பீரங்கிகள், வயிற்றில் ராக்கெட் பெட்டி. எஞ்சின் ஒன்று அடிபட்டபோது இன்னொன்றை வைத்துக்கொண்டு திரும்பி வந்தவையும் உண்டு. தரையிலிருந்து சுட்டதில் சிலவற்றை இழந்தோம், உண்மைதான். வான்சண்டையில் ஒரு மாருத்தைக்கூட இழக்கவில்லை. டிசம்பர் 7 அன்று ஸ்குவாட்ரன் லீடர் பக்ஷி, மாருத்தில் இருந்தபடியே பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்றை வீழ்த்தினார்.

ஆனாலும் திட்டம் மேலே போகவில்லை. வலுவான எஞ்சினோடு மாருத்தின் அடுத்த வகையைச் செய்வது, எச்.எஃப்-73 என்ற புதிய வடிவமைப்பு, எல்லாமே காகிதத்தோடு நின்றன. மொத்தம் 147 விமானங்களோடு உற்பத்தி முடிந்தது. 1980-களில் படையிலிருந்து விலக்கத் தொடங்கி, 1990-க்குள் முழுவதும் விலக்கிவிட்டார்கள். மிச்சமிருந்தவற்றில் சில அருங்காட்சியகங்களுக்கும், சில கல்லூரிகளுக்கும் பூங்காக்களுக்கும் போயின. மற்றவை உடைக்கப்பட்டன.

எல்லா நாட்டிலும் இப்படி விமானத் திட்டங்கள் பாதியில் நின்றிருக்கின்றன. நிறுத்தியதற்காக நான் இப்போது சண்டை பிடிக்க வரவில்லை. நிறுத்திய பிறகு மிஞ்சியதை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைத்தான் கேட்கிறேன். பிரிட்டன் 1965 ஏப்ரலில் டி.எஸ்.ஆர்-2 திட்டத்தை ரத்து செய்தது. பறந்த ஒரே விமானத்தையே குண்டு சுட்டுப் பழகும் இலக்காக அனுப்பிவிட்டார்கள். ஆனால் தப்பிப் பிழைத்த இரண்டு முழு விமானங்களில் ஒன்று காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்திலும் இன்னொன்று டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்திலும் இன்றைக்குக் கூரைக்குக் கீழே நிற்கின்றன. கனடா 1959-இல் ஆவ்ரோ ஏரோ திட்டத்தை நிறுத்தி, செய்து முடித்தவற்றையும் வெட்டிப்போடச் சொன்னது. ஒரு விமானத்தின் மூக்குப் பகுதி உள்ளிட்ட சில துண்டுகள்தான் மிச்சம். அந்த மூக்கை ஒட்டாவா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். குர்த் தாங்க் அர்ஜென்டினாவில் வடிவமைத்த புல்கி-2 வகையில் செய்யப்பட்ட ஐந்து விமானங்களில் ஒன்று மிஞ்சியது, அது மோரோன் நகர தேசிய விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மாருத்தோடு சேர்ந்து எஞ்சினுக்குக் காத்திருந்த எகிப்தின் எச்.ஏ-300 விமானத்தை 1964-இல் முதன்முதல் பறக்கவிட்டவர் நம் சோதனை விமானி கபில் பார்கவா. அந்த விமானத்தை ஜெர்மானியர்கள் வாங்கிக்கொண்டுபோய், பல ஆண்டுகள் செலவழித்துச் சீர்செய்து, மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். அதே கூடத்தில் ஒரு மாருத்தும் இருக்கிறது. நாம் செய்த விமானம் அங்கே மழை படாமல் நிற்கிறது. நம் ஊரில் எடைக்குப் போகிறது.

இங்கே நல்லபடி வைத்திருக்கிறவர்கள் இல்லையென்று சொல்லமாட்டேன். பெங்களூரில் எச்.ஏ.எல். பாரம்பரிய மையத்தில் மாருத்தைப் பார்க்கலாம். நான் பேசுவது அப்படிக் கவனிக்க ஆளில்லாத மற்றவற்றைப் பற்றி.

பூங்காவில் நிற்கும் விமானத்தை, என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரோடு போய் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். யாரோ அதற்குப் பளபளக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பழைய பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்ததில், பேனல்களில் எழுதியிருந்த எச்சரிக்கை வரிகள், வரிசை எண் எல்லாம் மூடிப்போயின. இறக்கையின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் சின்ன ஓட்டைகள் பெயின்டிலும் மண்ணிலும் அடைத்துக்கொண்டன. தட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் நிற்கிற சத்தம் கேட்கிறது. காற்று வாய்க்குள் குளவிக்கூடும் புறாக் கழிவும். புறாக் கழிவு அலுமினியத்தை அரித்துவிடும். டயர்கள் காற்றில்லாமல் நசுங்கி, பாரம் முழுக்கச் சக்கர விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. விமானி உட்காரும் அறையின் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகி, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. அலங்கார விளக்குக்காக உடற்பகுதியில் துளை போட்டு, இரும்பு போல்ட் முடுக்கி வயர் இழுத்திருக்கிறார்கள். அலுமினியத்தில் இரும்பு போல்ட் போட்டு மழையில் நிறுத்தினால், போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிர ஆரம்பிக்கும். அங்கேயும் உதிர்ந்திருந்தது, விரலில் ஒட்டியது.

அந்தத் துளை போட்ட இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் நாங்கள் வேலை செய்வோம். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவன் ரிவெட் அடிக்கும் துப்பாக்கியைப் பிடிப்பான். உள்ளே ஒருவன், ஒல்லியாக இருப்பவன், வளைந்து நுழைந்து பக்கிங் பார் என்ற கனமான உலோகக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பான். உள்ளே இருப்பவனை வெளியே இருப்பவன் பார்க்க முடியாது. ரிவெட் சரியாக உட்கார்ந்தால் உள்ளேயிருந்து ஒரு தட்டு, இன்னொரு முறை அடிக்கவேண்டுமென்றால் இரண்டு தட்டு, கழற்றவேண்டுமென்றால் மூன்று. கன்னடம், தமிழ், மலையாளம், தெலுங்கு என்று ஆளுக்கொரு மொழி பேசிய இடத்தில் இந்தத் தட்டுதான் எங்கள் பேச்சு. ரிவெட் தலை தோலோடு சமமாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்போம். இன்ஸ்பெக்டர் வந்தால் அவரும் நகத்தால்தான் தடவுவார். வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் அந்த வரிசைகள் இன்னும் நேராக இருக்கின்றன. அதை உங்களில் ஒருவராவது வந்து தொட்டுப் பார்க்கவேண்டும்.

ஏலத்தை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தோம். பூங்கா அலுவலகத்தில், விமானம் அன்பளிப்பாக வந்தது, கொடுத்தவர்கள் சொன்னால் நிறுத்துகிறோம் என்றார்கள். கொடுத்த இடத்தில் கேட்டால், கொடுத்த பிறகு அது வாங்கியவர்களின் சொத்து, எங்களிடம் அதற்குக் கோப்பே இல்லை என்றார்கள். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் இரண்டு பதிலையும் சேர்த்துப் பார்த்தால், இந்த விமானத்துக்கு யாருமே பொறுப்பில்லை. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகப் படுகிறது. துருவை நிறுத்த வழி இருக்கிறது, பொறுப்பாளர் இல்லாத பொருளைக் காப்பாற்ற வழியில்லை.

பணமில்லை என்று சொல்வீர்கள். எல்லா விமானத்துக்கும் குளிரூட்டிய கூடம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு தகரக் கூரை, காற்று வாய்களுக்குக் கம்பி வலை, வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிட ஒரு ஆள், சக்கரங்களின் பாரத்தைத் தாங்க முட்டுக்கால்கள், வேகத் தண்ணீர் பீய்ச்சாமல் மெதுவான சோப்பு நீரில் அவ்வப்போது ஒரு கழுவல். நான் மேலே சொன்ன நாசத்தில் பெரும்பங்கு இவ்வளவாலேயே நின்றுவிடும். ஒரு நீரூற்றுக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது.

தோற்றுப்போன விமானத்தை எதற்கு வைத்துக்கொள்ளவேண்டும் என்றும் ஒரு அதிகாரி கேட்டார். அவருக்கு அங்கேயே பதில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். உடலை நாமே செய்தோம், எஞ்சினுக்கு அடுத்தவரை நம்பினோம், அதனால்தான் மாருத் நின்றது. இன்றைக்கு நம் தேஜஸ் போர் விமானம் பறப்பதும் அமெரிக்க எஞ்சினில்தான். நாமே செய்யத் தொடங்கிய காவேரி எஞ்சின் தேஜஸுக்குப் போய்ச் சேரவில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் மாருத்தின் பின்பக்கம் நின்று, எவ்வளவு பெரிய உடலுக்கு எவ்வளவு சின்ன எஞ்சின்கள் என்று கண்ணால் பார்த்தால், ஐம்பது பக்கப் பாடத்தில் புரியாதது புரியும். கலாம் எம்.ஐ.டி.யில் படித்தபோது, பணியிலிருந்து விலக்கிய இரண்டு விமானங்களை அங்கே மாணவர்களுக்காக வைத்திருந்தார்கள். மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் தான் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவையும் அன்றைக்கு யாருக்கோ கழிவுப் பொருள்தான்.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலில் அந்த ஏலத்தை நிறுத்துங்கள். பூங்காவில் இடமில்லை என்றால் வேறு இடம் தேடும்வரை அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். எந்த மாருத்தையும், அது யாருடைய வளாகத்தில் இருந்தாலும், பாதுகாப்புத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் விற்கவோ வெட்டவோ கூடாது என்று ஒரு உத்தரவு போடுங்கள்.

அடுத்து, கணக்கெடுங்கள். 147-இல் எத்தனை முழுதாக இருக்கின்றன, எங்கே, எந்த வரிசை எண், எந்த நிலையில், யார் பொறுப்பில் என்று ஒரு பட்டியல் செய்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரியின் பதவி பெயரோடு குறிக்கப்பட்டிருக்கவேண்டும். பட்டியல் எடுக்கும்போதே, விமானியை வெளியே வீசும் இருக்கையில் வெடிபொருள் முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டதா என்று தெரிந்தவர்களை வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கருவி முகப்புகளில் இருட்டில் ஒளிரும் கதிரியக்கப் பூச்சு இருக்கலாம், அதையும் சோதியுங்கள். பிள்ளைகள் ஏறி விளையாடும் இடத்தில் இவை நிற்கின்றன.

பெயின்ட் அடிக்குமுன் பழைய எழுத்துகளையும் எண்களையும் படமெடுத்து அளந்து பதிவு செய்யாமல் யாரையும் தூரிகை தொடவிடாதீர்கள். பலகைகளைத் திருத்துங்கள். தமிழ்நாட்டில் இருந்தால் தமிழில், கர்நாடகத்தில் இருந்தால் கன்னடத்தில், எஞ்சின் கிடைக்காமல் போன கதை உட்பட உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சுரஞ்சன் தாஸின் பெயர் அதில் இருக்கவேண்டும்.

கடைசியாக, எங்களைக் கூப்பிடுங்கள். எந்தப் பேனலுக்குள் எப்படிக் கை விடவேண்டும், தண்ணீர் எங்கே தேங்கும், எந்த இடத்தில் மக்னீசியம் கலந்த வார்ப்பு இருக்கிறது என்பதெல்லாம் இன்னும் எங்கள் சிலருக்கு நினைவிருக்கிறது. சம்பளம் வேண்டாம், போக்குவரத்துச் செலவும் நிழலில் ஒரு நாற்காலியும் போதும். இளைஞர்கள் கருவியைப் பிடிக்கட்டும், நாங்கள் சொல்லித்தருகிறோம். எங்கள் பேச்சை யாராவது பதிவு செய்து வைக்கட்டும். ஏலத் தேதி குறிக்கப்படுவதற்கு முன்னால் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மாருத் உடற்பகுதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர்